நாலாவது அடுக்கில் உலகம்மாள்

அண்ணாச்சி, போனைத் தட்டாதீங்க. தட்டுனா மட்டும் சீக்கிரம் வந்துராது. அந்த வட்டம் சுத்துதுல்லா, அது உங்க போன் கோளாறு இல்ல. எங்கேயோ ஒரு மிஷினு உங்களுக்கு வேண்டியதத் தேடிக்கிட்டு இருக்கு, அம்புட்டுதான். செத்த பொறுங்க. எனக்கு எப்படித் தெரியும்ங்கீங்களா? அந்த வட்டத்த ஒழிக்கதுதான் என் சோலி. சோலியா இருந்துச்சுன்னு சொல்லணும். இந்த ஆவணி வரைக்கும்.

என் பேரு சொரிமுத்து. ஆபீஸ்ல முத்துன்னு கூப்புடுவாங்க. ஊரு சங்கரன்கோயில். கோவில்பட்டியில ரயில விட்டு எறங்கி பஸ் பிடிக்கணும். நீங்க திருநெல்வேலி வரைக்கும் போறீங்க, ஆக நேரம் கெடக்கு. யாருகிட்டயாவது இத முழுசாச் சொல்லணும்னு மூணு மாசமா இருக்கேன். வீட்டுக்காரிகிட்ட ஆரம்பிச்சா, மொதல் வரியிலயே "தப்பு உங்க மேலதான"ன்னு தீர்ப்பு சொல்லிருதா. நீங்க மூணாம் மனுசன். கேட்டுட்டுச் சொல்லுங்க.

நான் இருக்கது சென்னையில ஒரு வரன் பாக்குற கம்பெனி. போன்லயே பொண்ணு மாப்பிள்ள தேடுற ஆப்பு. பேரு சொல்லல, இன்னும் அங்ஙனதான் சம்பளம் வாங்குதேன். அதுல ஒரு கோடியே எழுவத்தஞ்சு லட்சம் பேரு பதிஞ்சி வச்சிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் போட்டோ, ஜாதகம், படிப்பு, கூடப்பொறந்தவங்க எத்தன பேரு, சமைக்கத் தெரியுமா, எல்லாம் இருக்கும். முகூர்த்த மாசம்னா காலையில ஒரு செகண்டுக்கு எண்பதாயிரம் பக்கம் தெறப்பாங்க. ஒரு செகண்டுக்கு அண்ணாச்சி. நான் இந்த வாக்கியத்தச் சொல்லி முடிக்கதுக்குள்ள ஒரு ஊரே பொண்ணு பாத்துட்டுப் போயிரும்.

இம்புட்டையும் எங்ஙன வைக்கதுங்கதுதான் கேள்வி. எல்லாத்தையும் வேகமான எடத்துல வச்சா கம்பெனிய வித்தாலும் பத்தாது. எல்லாத்தையும் மெதுவான எடத்துல வச்சா ஒருத்தனும் ஆப்பத் தெறக்க மாட்டான். அதனால அடுக்கு. நான் போட்டது நாலு அடுக்கு. மேல மெமரி, கண்ணச் சிமிட்ட முன்ன வந்து நிக்கும். அதுக்குக் கீழ எஸ்எஸ்டி, கொஞ்சம் வேகம் கம்மி. அதுக்கும் கீழ சுத்துற டிஸ்க்கு. எல்லாத்துக்கும் அடியில டேப்பு. டேப்புன்னா நாம பாட்டு கேட்டோமே கேசட்டு, அதேதான், கொஞ்சம் பெருசு. ஒரு ரூம் நெறைய அடுக்கியிருக்கும். ஒரு இரும்புக் கை ஓடிப்போய் எடுத்துட்டு வந்து மாட்டும். உங்க வீட்டு அடுப்படியப் பாருங்க. உப்பும் கடுகும் கைக்கிட்ட இருக்கும், முறுக்கு அச்சு பரணுக்கு மேல இருக்கும். மாத்தி வச்சா சமையல் நடக்குமா? நடக்காது.

சரி, எது உப்பு, எது முறுக்கு அச்சு? அத யாரு முடிவு பண்ணுதது? ஒண்ணே முக்கா கோடி பேர ஆளு வச்சுப் பிரிக்க முடியாது. ஒரு விதி வேணும். என் விதிய ஒரு பிள்ளைக்குக் கூடச் சொல்லி வெளங்க வச்சிரலாம். ஒருத்தரோட பக்கத்தப் பத்து நாளு யாரும் தொடலன்னா ஒரு அடுக்கு கீழ எறங்கும். இன்னும் பத்து நாளு தொடலன்னா இன்னும் ஒண்ணு. முப்பது நாளு ஆயிட்டா டேப்பு. யாராவது ஒருத்தர் தொட்டுட்டா நேரா மேல வந்துரும். மனுசன் கை படாது, சிபாரிசு கெடையாது, மந்திரி மகனா இருந்தாலும் முப்பது நாளுதான். அதுல எனக்கு ஒரு பெருமை உண்டு, மறைக்கல. கம்பெனிக்கு வெளியே ரெண்டு கூட்டத்துல போயி இதப் பத்திப் பேசிருக்கேன். கை தட்டுனாங்க.

இந்த டிசைன நான் எடுத்துச் சொன்ன கூட்டத்துல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு இருந்தா. தூத்துக்குடிக்காரி. என் டீம்தான், எனக்கு அடுத்த ஆளு. எல்லாத்தையும் கேட்டுட்டுக் கையத் தூக்கினா. "சார், ஆடில என்ன ஆகும்?"ன்னா. நான் சொன்னேன், "ஆடில தள்ளுபடி வரும். ரெண்டு சேலை எடுத்துக்கோ." கூட்டமே சிரிச்சுது. எம்டி கூடச் சிரிச்சாரு. அவ சிரிக்கல. எழுதி வச்சுக்கிட்டா.

இப்ப எல்லாரும் என்ன சொல்லுதாங்கன்னா, ஆடி மாசக் கோயில் கொடைக்கு வருசா வருசம் போறவன் நான், எனக்கு ஆடி ஞாபகம் இல்ல, சர்ச்சுக்குப் போற அந்த வேதக்காரப் பொண்ணுக்கு ஞாபகம் இருந்துச்சாம். அண்ணாச்சி, ஞாபகம் இல்லாம இல்ல. நான் சோதன பண்ணுனது தை மாசத்து, வைகாசி மாசத்துக் கூட்டத்த வச்சு. பளு தாங்குமான்னு பாக்கணும்னா கூட்டம் உள்ள மாசத்த வச்சுத்தான பாக்கணும்? ஆளே வராத மாசத்த வச்சு எவனாவது சோதன பண்ணுவானா? நீங்களே சொல்லுங்க.

போன ஐப்பசியில ஓட விட்டோம். சும்மா சொல்லக் கூடாது, குதிரை மாதிரி ஓடுச்சு. மார்கழி வந்துச்சு, ஒரு பயலும் வரன் பாக்கல, எல்லாம் கீழ எறங்குச்சு. ஆனா போன மார்கழிக்கு இருபத்தொம்போது நாளுதான். டேப்புக்குப் போக முப்பது ஆகணும். ஒரு நாளு மிச்சம் இருக்கையில பொங்கல் வந்து, சனம் மறுபடியும் தொட ஆரம்பிச்சிட்டு. கொஞ்சம் மெதுவா இருந்துச்சு, பொங்கல் கூட்டம்னு நெனச்சோம். ஒரு நாளுல தப்பிச்சது எனக்கு அன்னைக்கித் தெரியல. தெரிஞ்சிருந்தா இன்னைக்கி இப்படி உங்கள அறுத்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.

இப்பதான் எங்க அக்கா கதைக்கு வாரேன். உலகம்மாள்னு பேரு, வீட்ல உலகு. சங்கரன்கோயில் ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற எடத்துல வேலை. நாப்பத்திரண்டு வயசு. கல்யாணம் ஆகல. அப்பா தவறுன பொறவு அவ சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு. நடுவுல ரெண்டு வரன் வந்துச்சு. ஒண்ணு நான் காலேஜ் சேந்த வருசம், இன்னொண்ணு நான் கடைசி வருசம் படிக்கையில. ரெண்டும் எப்படியோ தட்டிப்போச்சு. நேரம் கூடி வரல, வேற என்ன சொல்ல. நாலு வருசத்துக்கு முன்ன நானே அவ பேர எங்க ஆப்புல பதிஞ்சு வச்சேன், ஊழியர் குடும்பத்துக்குக் கட்டணம் கெடையாது. பொறவு சோலி மும்முரத்துல மறந்துட்டேன்.

இந்த ஆனியில ஒரு நாளு, டேப்புல இருந்து ஒரு பக்கம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளக்க வேண்டியிருந்துச்சு. யாராவது ஒரு பேரு போடணும். கைக்கு வந்த பேரு அக்கா பேரு. போட்டேன். பதினோரு செகண்டு. அக்கா நாலாவது அடுக்குல கெடந்தா.

பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. என் கையால கட்டுன வீட்ல என் அக்கா பரணுக்கு மேல. ஒருத்தனும் தொடல. பதினோரு செகண்டு காத்திருக்க எவனுக்குப் பொறுமை இருக்கு? மூணு செகண்டுக்கு மேல ஆனா சனம் அடுத்த பக்கத்துக்குப் போயிரும், நாங்க அளந்து வச்சிருக்கோம். ஆக, யாரும் பாக்காததுனால கீழ போனா, கீழ போனதுனால யாரும் பாக்க மாட்டேங்காங்க.

அவள எடுத்துக் கையால மேல வச்சிருக்கலாம். ஒரு வரி போதும். ஆனா மனுசன் கை படாதுன்னு ஊரெல்லாம் பேசிட்டு வந்தவன் நான். விதிய மீற மாட்டேன். அதனால விதிக்கு உள்ளயே ஒரு வழி பண்ணுனேன். சின்னதா ஒரு புரோகிராம். அது ஒரு நாளைக்கு மூணு தடவ போயி அக்கா பக்கத்தத் தொட்டுட்டு வந்துரும். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மாத்திரை மாதிரி. தொட்டா மேலயே இருக்கும்லா? விதிப்படிதான். நான் போன் பேசி ரெண்டு மாசம் ஆனா என்ன, என் புரோகிராம் ஒரு நாளு தவறாம அவளப் பாத்துட்டு வந்துச்சு.

இது எப்படியோ எங்க கேண்டீன் பாக்கியத்தக்காவுக்குத் தெரிஞ்சிட்டு. அவங்க மகன் ஏசி மெக்கானிக்கு, முப்பத்திநாலு வயசு. "தம்பி, எம் பிள்ளையையும் அப்படிக் கொஞ்சம் தொட்டு விடுங்களேன்"னாங்க. தினமும் காபி குடுக்குற கை, எப்படி மாட்டேன்ங்க? சேத்தேன். டிரைவர் ஒருத்தர் தங்கச்சிக்குக் கேட்டாரு. கணக்குப் பிரிவுல ஒருத்தர் ரெண்டு மகளுக்குக் கேட்டாரு. எம்டியே என்னையத் தனியாக் கூப்பிட்டு, மச்சினன் ஒருத்தன் இருக்கான்னாரு. இருநூத்திப் பன்னெண்டு பேரு ஆயிட்டு. ஒண்ணே முக்கா கோடியில இருநூத்திப் பன்னெண்டு பெருசா? பெருசே இல்ல. கடல்ல ஒரு சொம்பு.

பொறவு ஆடி பொறந்துச்சு.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆடியில பொண்ணு பாக்க மாட்டாங்க, பேச்சே எடுக்க மாட்டாங்க. ஆபீஸே அமைதியா இருந்துச்சு. நான் கூட, 'பாரு, மிஷினுக்கும் ஓய்வு வேணும்லா'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பத்து நாளு ஆச்சு, எல்லாம் ஒரு அடுக்கு எறங்குச்சு. இருபது ஆச்சு, இன்னொண்ணு எறங்குச்சு. இந்த ஆடிக்கு முப்பத்தொரு நாளு. கடைசி நாளு அன்னைக்கி, ஒண்ணே முக்கா கோடி பேருல அனேகமா எல்லாரும் டேப்புக்குப் போயிட்டாங்க. மேல மெமரியில, தமிழ்நாட்டுக்கே ராசா ராணி மாதிரி, மிச்சம் இருந்தது யாருங்கீங்க? எங்க ஆபீஸ் சொந்தக்காரங்க இருநூத்திப் பன்னெண்டு பேரு.

ஆவணி ஒண்ணு காலையில ஆறு மணிக்கு சனம் குளிச்சு, திருநீறு பூசி, ஆப்பத் தெறந்துச்சு. திருநெல்வேலியில தெறந்தாங்க, திருச்சியில தெறந்தாங்க, கோலாலம்பூர்ல தெறந்தாங்க. எங்க ஆப்பு எது மொதல்ல வருதோ அத மொதல்ல காட்டும். மொதல்ல வர்றதுக்கு வேற யாரு இருக்கா? எல்லாருக்கும் அதே ஆளுங்கதான். பொண்ணு வேணும்னு தேடுனவனுக்கு எங்க அக்கா. மாப்பிள்ள தேடுனவங்களுக்குப் பாக்கியத்தக்கா மகன். டாக்டருக்குப் படிச்ச பொண்ணு வீட்டுக்கும் அவன்தான், கனடாவுல வீடு வாங்குன பொண்ணு வீட்டுக்கும் அவன்தான். மத்தவங்க பக்கத்தத் தெறந்தா, அந்த இரும்புக் கை ஒத்த ஆளா ஆயிரம் பேரு பந்தியில பரிமாறுற மாதிரி இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுது. ஒரு பக்கம் வர நாப்பது செகண்டு, அம்பது செகண்டு. பத்து மணிக்கு அந்தக் கை நின்னே போச்சு.

சாயங்காலத்துக்குள்ள பாக்கியத்தக்கா மகனுக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரம் வீட்ல இருந்து விருப்பம் வந்துச்சு. அவன் பயந்துபோய் போன ஏசிக்குள்ள வச்சு மூடிட்டான்னு அவங்க அம்மா சொன்னாங்க. எங்க அக்காவுக்கு மூவாயிரத்தி நானூறு. அவளுக்கு மருந்து குடுக்குற எடத்துல ஐநூறு பேரு வரிசையில நிக்கையில போன் ஓயாம அடிச்சிருக்கு. சாயங்காலம் எனக்குக் கூப்பிட்டா. அவ எப்பமும் சத்தம் போட மாட்டா. மெதுவாத்தான் கேட்டா.

"ஏலே முத்து, என்னத்தலே பண்ணுன?"

"என்னக்கா, மூவாயிரத்தி நானூறு பேரு வந்திருக்காங்க. தரமான எடமாப் பாத்து எடுத்துக்கோ"ன்னேன். உண்மையிலேயே சந்தோசத்துலதான் சொன்னேன். அவ போன வச்சிட்டா.

எல்லாத்தையும் சரி பண்ண மூணு நாளு ஆச்சு. அதுக்குள்ள எம்டி விசாரணைக் கூட்டம் போட்டாரு. மச்சினனுக்கு எழுநூறு வரன் வந்த கதைய அவரும் பேசல, நானும் பேசல. நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்லா. ஜெசிந்தாதான் பதிவேட்ட எடுத்து வச்சா. யாரு, யாரு பக்கத்த, எப்பத் தெறந்தாங்க, எத்தன செகண்டு ஆச்சு, எல்லாம் அதுல இருக்கும். என் புரோகிராமும் அதுல சிக்கிருச்சு. நான் ஒத்துக்கிட்டேன். ஆனா விதிய மீறலன்னு சொன்னேன். "விதிய மீறல சார், விதிதான் நம்மள மீறிப் போச்சு"ன்னா அவ. எம்டி தலையாட்டுனாரு. எனக்கு அப்பமே தெரிஞ்சிட்டு, என் நாக்காலி ஆடுதுன்னு.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போன பொறவு ஜெசிந்தா என்னைய நிக்கச் சொன்னா. "சார், இது கம்பெனி விசயம் இல்ல. உங்க அக்கா பக்கத்துப் பதிவ நீங்க முழுசாப் பாத்தீங்களா?"ன்னா. பாக்கல. எதுக்குப் பாக்கணும், மூவாயிரத்தி நானூறு பேருல்லா? "அதுக்கு முன்ன உள்ளதப் பாருங்க"ன்னா.

பாத்தேன். ஐப்பசியில இருந்து ஆவணி வரைக்கும், என் புரோகிராமத் தள்ளிட்டா, அக்கா பக்கத்தத் தெறந்தது ஒரே ஒரு ஆளு. ஒம்போது தடவ. சரியா முப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு தடவ. எனக்குப் பிடிபடல. ஜெசிந்தாதான் சொன்னா. "சார், கட்டணம் கட்டாத ஆளுக்கு நாம முப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு முழுப் பக்கந்தான் காட்டுதோம், விருப்பம் அமுத்தவும் விடமாட்டோம். இவருக்குக் கெடச்ச ஒம்போதையும் இவரு வேற யாருக்கும் செலவழிக்கல."

அந்த ஒம்போதுல ஏழு தடவ அக்கா டேப்புல இருந்தா. ஏழு தடவையும் பதினோரு செகண்டு. ஏழு தடவையும் அந்த மனுசன் பாதியில போகல.

அண்ணாச்சி, நான் பதினஞ்சு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். மூணு செகண்டுக்கு மேல ஒருத்தன் காத்திருந்து நான் பாத்ததில்ல. ஜெசிந்தா கண்ணு கலங்கிட்டு. எனக்கும் என்னமோ பண்ணுச்சு, ஆனா நான் டீம் லீடர்லா, காட்டிக்கிடல.

அவரு பேரு குற்றாலிங்கம். நாப்பத்தாறு வயசு, கடையத்துக்குப் பக்கம் விதைப் பண்ணையில வேலை. அவரு பக்கத்தப் பாக்கலாம்னு போனா, காணோம். ஆவணி ஒண்ணாந்தேதி சாயங்காலம் அக்கா பக்கத்தக் கடைசியாத் தெறந்திருக்காரு. அது ஒரு நொடியில வந்திருக்கு. அதுல 'மூவாயிரத்தி நானூறு பேர் விருப்பம் தெரிவித்துள்ளனர்'னு பெருசா போட்டிருக்கு. ரெண்டாந்தேதி காலையில தன் பேர எடுத்துட்டாரு.

அப்பத்தான் எனக்குப் பதறிட்டு. அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, ஒருத்தர் இருந்தாரு, போயிட்டாரு, நான் கெடுத்துட்டேன்"னு ஆதியோடந்தமாச் சொன்னேன். முழுசாக் கேட்டுக்கிட்டா. பொறவு, "தெரியும்லே"ங்கா.

"என்ன தெரியும்?"

"யாரு பாத்தாங்கன்னு உங்க ஆப்புல வரும்லா. அவரு பாத்த அன்னைக்கி நானும் அவரு பக்கத்தப் பாப்பேன்."

எனக்குத் தலையும் புரியல காலும் புரியல. அவரு பக்கத்தையும் வேற எவளும் தொடல. அவரும் டேப்புலதான் கெடந்திருப்பாரு. ஆக இவளும் பதினோரு செகண்டு காத்திருந்து பாத்திருக்கா. பத்து மாசமா ரெண்டு பேரும் அடியில இருந்துக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்திருக்காங்க, மேல நான் எண்பதாயிரம் எண்பதாயிரம்னு கூவிக்கிட்டு இருந்திருக்கேன்.

"ஏன்க்கா, உனக்குத்தான் கட்டணம் இல்லல்லா. நீயாவது ஒரு விருப்பம் அமுத்தியிருக்கலாமே?"

"அமுத்திருப்பேன். இந்த ஆவணியில அமுத்தலாம்னுதான் இருந்தேன்"னா. பொறவு அவளே சிரிச்சுக்கிட்டா. "அவரு பக்கம் வர நேரமாகும்லா, அதுக்குள்ள நான் முடியச் சரி பண்ணிக்கிடுவேன்லே. போன் என்னையப் பாக்கவா போவுது? ஆனாலும் பண்ணிக்கிடுவேன். அந்த நேரம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

அதுல பிடிக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கல அண்ணாச்சி. "கவலப்படாதக்கா, இப்ப அத நாலு செகண்டாக் குறைச்சிட்டோம்"னேன். மறுபடியும் போன வச்சிட்டா.

சரி, கெடுத்தவன் நான், நான்தான் சரி பண்ணணும். ஆப்புல பேர எடுத்தாலும் டேப்புல உள்ளது உடனே அழியாது, முப்பது நாளு இருக்கும். அவரு போன் நம்பர் அங்ஙன கெடக்கு, நான் கைய விட்டா எடுத்துரலாம். டேப்பத் தெறக்குற பாஸ்வேர்டு அப்ப ஜெசிந்தா கைக்குப் போயாச்சு, அவகிட்ட கேட்டேன். மாட்டேன்னுட்டா. "அந்த ஆளு போகணும்னு போயிருக்காரு சார். போனவரத் தோண்டி எடுக்கக் கூடாது"ன்னா. அக்காகிட்ட சொன்னேன், அவளுக்காவது சந்தோசமா இருக்கும்னு. "எடுத்தேன்னு தெரிஞ்சிச்சு, என் மூஞ்சில முழிக்காத"ன்னா. ரெண்டு பொம்பளைங்களும் பேசி வச்ச மாதிரி. நான் நல்லதுக்குத்தான கேட்டேன்?

அக்கா என்ன பண்ணுனா தெரியுமா? ஒரு கவர் வாங்கி, விதைப் பண்ணை விலாசத்துக்கு ஒரு லெட்டர் எழுதுனா. அவரு எங்க வேலைங்கறது அவரு பக்கத்துலயே போட்டிருந்துச்சு, அவதான் திரும்பத் திரும்பப் படிச்சிருக்காளே. மூணே வரி. என் வீட்டுக்காரி கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டு வாங்கி எனக்குச் சொன்னா. 'அந்த மூவாயிரத்தி நானூறு பேரும் என் தம்பி செஞ்ச கூத்து. வழி தெரிஞ்சு வந்தது நீங்க ஒரு ஆளுதான். நான் இங்கதான் இருக்கேன்.'

எட்டு நாளு பதில் இல்ல. எட்டு நாளும் எனக்குத் தூக்கம் கெடையாது. அவ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு வந்தா. ஒம்போதாவது நாளு, திங்கக்கெழம, ஆஸ்பத்திரியில மருந்து வாங்குற வரிசையில ஒருத்தர் நின்னிருக்காரு. கையில சீட்டு இல்ல. முன்னால அறுவது எழுவது பேரு. ஒன்றரை மணி நேரம் நின்னு, ஜன்னல்கிட்ட வந்து, "நான் கடையத்துல இருந்து வாரேன்"னு சொன்னாராம். அக்கா, "செத்த ஓரமா நில்லுங்க, இன்னும் நாப்பது பேரு இருக்காங்க"ன்னு சொல்லிட்டாளாம். நின்னாராம். அவ வேலைய முடிச்சிட்டுத்தான் வெளிய வந்திருக்கா. ரெண்டும் சரியான கிறுக்குக் கோட்டிங்க, நல்லாச் சேந்துருக்குங்க.

அதான் விசயம். நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு அக்காவுக்குப் பூ வச்சு நிச்சயம் பண்ணுதாங்க. வீட்டுக்காரியும் பிள்ளையும் மூணு நாளுக்கு முன்னமே போயாச்சு. எனக்குத்தான் லீவு போட முடியல. என் அடுக்கு எல்லாத்தையும் ஜெசிந்தா கையில குடுத்துட்டாங்க அண்ணாச்சி, அதுதான் என் வயித்தெரிச்சல். எனக்கு என்ன சோலி குடுத்திருக்காங்க தெரியுமா? வருசத்து முகூர்த்த நாளையெல்லாம் பஞ்சாங்கத்தப் பாத்து ஆப்புல ஏத்துதது. மேஜையில ஒரு பஞ்சாங்கம் வாங்கி வச்சிருக்காரு எம்டி, என் பேரு எழுதி. கூட்டத்துல யாராவது நாளு கேட்டா எல்லாரும் என்னையப் பாக்காங்க.

ஜெசிந்தா புது விதி எழுதியிருக்கா. மார்கழி பொறக்குறதுக்குள்ள மிஷினுல ஏத்தணும்னு நாளை மறுநா காலையில ஏத்துதா. நான் பக்கத்துல இருக்க வேண்டாமா? அது நான் பெத்த பிள்ளை. அதனால நாளைக்கு மத்தியானமே கோவில்பட்டியில ரயில் ஏற டிக்கெட் போட்டுட்டேன். கணக்குப் பாத்துட்டேன், பதினோரு மணிக்குப் பூ வச்சா பதினொண்ணே முக்காலுக்கு முடியும், சாப்பாடு அரை மணி நேரம், பஸ்ஸு ஒரு மணி நேரம். பத்து நிமிசம் மிச்சமே இருக்கு. ஜெசிந்தாகிட்ட, "நான் வந்துருவேன்"னு சொன்னேன். "நீங்க இல்லாம ஓடணும்னுதான் சார் டிசைன் பண்ணிருக்கேன்"னா. பேச்சப் பாருங்க.

அக்காகிட்ட நேத்து போன்ல சொன்னேன், மத்தியானமே கெளம்பிருவேன்னு. கோவிச்சுக்கிடுவான்னு நெனச்சேன். கோவிக்கல. "சரிலே, வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ, போதும்"னா. நல்ல மனசு அவளுக்கு. எப்பமும் அப்படித்தான், எதையும் கேக்க மாட்டா.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீங்க? நான் ஒண்ணும் வராம இருக்கலையே, வாரேன்லா?

என் கல்யாணத்துக்கா? வந்தா வந்தா, வராம எப்படி. பத்து நாளு லீவு போட்டுட்டு வந்தா. பந்தக்கால் நட்டதுல இருந்து கடைசியில பாத்திரம் கழுவிக் குடுத்து எண்ணி வாங்குன வரைக்கும் அவதான். மறுவீட்டுக்கு நாங்க போகையில பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு, பஸ்ஸு திரும்புற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா. நான் ஜன்னல் வழியா, 'நீ போக்கா, வெயிலு'ன்னு சொன்னேன். அவ போகல.

பத்து நாளு அண்ணாச்சி.

இத இப்பம்தான் எண்ணிப் பாக்கேன்.

இந்தாங்க, என் போன். நாளைக்கு மத்தியான டிக்கெட் அதுலதான் இருக்கு, கீழ செவப்புல ரத்துன்னு போட்டிருக்கும். நீங்களே அமுத்திருங்க. எனக்குக் கை வர மாட்டேங்கு.